ஒதுக்கி வைத்த அலை

கடலை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் திருச்செந்தூர் போயிருந்தோம். காலுக்கடியில் மணல் நழுவியதும் வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கரைக்கு ஓடி வந்துவிட்டேன். குன்னத்தூர்ப் பக்கம் விவசாயக் காட்டுவேலை பார்க்கும் குடும்பத்தில் பிறந்தவளுக்குக் கிணறு தெரியும், மிஞ்சிப் போனால் வாய்க்கால் தெரியும். அப்படிப்பட்ட நான் வேலம்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு மாதக்கணக்கில் அலை அளந்திருக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்? என் வீட்டுக்காரரே நம்பவில்லை.

சுனாமி வந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்த சமயம் அது. ரோட்டை ஒட்டி ஒரு பிரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். நாலு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு, வாசலோரம் கண்ணாடிக் கூண்டில் ஒரு எஸ்டிடி பூத். பரீட்சை ரிசல்ட் பார்க்க வருவார்கள், ரயில் டிக்கெட் போட வருவார்கள், வெளிநாட்டுக்காரனுக்கு மெயில் அனுப்பச் சின்னக் கம்பெனிக்காரர்கள் வருவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலை முடிந்தும் எழுந்திருக்காமல் வெட்டிக்கு உட்கார்ந்திருக்கும் ஆளை எழுப்பி விடத் தயங்க மாட்டேன். அந்த அக்கா கடைக்குப் போனால் திட்டு இலவசம் என்று வட்டாரத்தில் ஒரு பேச்சு இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒருநாள் சாயங்காலம் பனியன் கம்பெனி விட்ட நேரத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக் கழற்றி வைக்க மறந்து அப்படியே வந்திருந்தாள்.

"எக்கா, இதுல கடலு பாக்கலாமாம்லா?" என்றாள்.

"கடல் படமுங்களா?"

"படம் இல்லக்கா. நாளைக்கு எங்க ஊருல அலை எம்புட்டு உயரம் வரும்னு இதுல போட்டிருப்பாவளாம்."

"ஏனுங்க, எங்க தெருவுக்குக் குடிக்கற தண்ணி எப்ப வரும்னே ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. உங்க ஊரு அலை எப்ப வரும்னு இது சொல்லுமாக்கும்?"

அவள் சிரிக்கவில்லை. போகவும் இல்லை. இஞ்ச் டேப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு அப்படியே நின்றாள். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சரி, உட்காருங்க என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

தேடிப் பார்த்தால் நிஜமாகவே இருந்தது. சுனாமிக்குப் பிறகு மீன்பிடிக்கிறவர்களுக்காக அரசாங்கம் போட்டிருந்த பக்கம். கடல் முழுக்க நீலம், பச்சை, மஞ்சள் என்று வண்ணம் பூசி, எந்த இடத்தில் எத்தனை மீட்டர் அலை, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அம்பு போட்டுக் காட்டும் படம். அந்தக் காலத்து இணைப்புக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. படம் மேலேயிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். காஷ்மீர் வரும், டெல்லி வரும், ஒரு டீ குடித்து முடித்தால் ஐதராபாத் வரும். குமரி முனைதான் கடைசி. பல நாள் மதுரை வரைக்கும் இறங்கி வந்த சமயத்தில் கரண்ட் போய்விடும். "கெரகம் புடிச்ச கரண்ட்டு" என்று நான் திட்டுவேன். அவள் இருட்டில் வாய் திறக்காமல் காத்திருப்பாள். மறுபடி காஷ்மீரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நாலைந்து நாள் வந்து போன பிறகுதான் விவரம் சொன்னாள். குமரிக் கடற்கரையில் ஒரு மீன்பிடி ஊர். சுனாமியில் வள்ளம் போனதும் புருஷன், பெண்டாட்டி, மகள் மூவரும் இங்கே வந்துவிட்டார்கள். இவளுக்கு நெருப்பெரிச்சலில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, மார்பு இத்தனை, நீளம் இத்தனை என்று அளந்து, அளவு தப்பியதை ஒதுக்குவது. புருஷனுக்குத் துணிக்கு நீராவி கொடுக்கிற மிஷினில் வேலை. ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவருடைய அண்ணனுக்குப் புதிதாக ஒரு பைபர் படகு, அவள் சொல்கிற மாதிரி சொன்னால் போட்டு, கிடைத்ததும் ஊருக்கே திரும்பிவிட்டார். மகள் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டதால் இவள் தங்கிவிட்டாள்.

"கட்டுனவளையும் கொழந்தையையும் இங்க உட்டுட்டு அவரு பாட்டுக்குப் போயிட்டாருங்களா?" என்று கேட்டேன். எனக்கு அந்த ஆள் மேல் எரிச்சல்தான் வந்தது.

"அவிய நிக்க முடியாமத்தான் போனாவ அக்கா. ராத்திரி தூக்கத்துல எந்திச்சி சன்னலைத் தொறந்து மோந்து பாப்பாவ. கடலு வாடை இல்லன்னு திரும்பப் படுப்பாவ" என்றாள்.

அவருக்கு ராத்தொழில். சாயங்காலம் ஆறரை வாக்கில் போட்டைத் தள்ளினால் விடியத்தான் கரைக்கு வருவார். காற்று, மழை இருந்தால் யாரும் போக மாட்டார்கள், அதில் பயமில்லை. பயமெல்லாம் வேறு ஒன்றில். காற்றே இருக்காது, வானம் துடைத்துவிட்டது மாதிரி இருக்கும், ஆனால் கடல் மட்டும் எழும்பும். எங்கோ தெற்கே, கப்பல்கூடப் போகாத கடலில் அடித்த புயலில் கிளம்பிய அலை, நாள் கணக்கில் நடந்து இங்கே வந்து சேருமாம். திருடன் மாதிரி சத்தமில்லாமல் வருவதால் அந்த ஊரில் அதற்குக் கள்ளக்கடல் என்று பேர். முந்தின வருடம் அதில் ஒரு போட்டு கரையோரம் கவிழ்ந்து, அவள் பக்கத்து வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து புருஷன் கடலில் இருக்கும் ராத்திரியெல்லாம் இவள் இங்கே கண் மூடுவதில்லை. கம்ப்யூட்டர் அதை முன்கூட்டியே சொல்லும் என்று யாரோ சொன்னதை நம்பித்தான் என் கடைக்கு வந்திருக்கிறாள்.

மிஷினைக் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போங்கள் என்று புருஷனிடம் சொன்னாள். கரையோரத்து டீக்கடையில் ஒரு ரூபாய் போடுகிற போன் ஒன்று இருந்தது. அதில் கூப்பிட்டுத்தான் பேச்சு. பூத்துக்கு வெளியே நின்ற எனக்கே அந்த ஆள் சிரித்தது கேட்டது.

"கடலுக்குப் போறது நானா மிஷினான்னு கேக்காவ" என்றாள், வெளியே வந்து. கண் கலங்கியிருந்தது.

ஆனால் அவர் ஒரு வழியும் சொல்லியிருந்தார். ஒரு மாதம் பார்ப்பது. மிஷின் சொல்கிற உயரமும் கடலில் நிஜமாக வருகிற உயரமும் ஒத்து வந்தால், அதன் பிறகு மிஷின் இரண்டு மீட்டருக்கு மேல் போடுகிற நாளில் அவர் போக மாட்டார். ஒத்து வரவில்லை என்றால் இவள் இனி இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. இப்படி ஒப்பந்தம். ஆக, அவர் உயிர் ஒரு மாதத்து அளவில் தொங்குகிறது என்று இவள் முடிவு கட்டிவிட்டாள்.

அளப்பதற்கு அவளே வழி கண்டுபிடித்தாள். அவர்கள் ஊரில் கடலுக்குள் கல்லைக் கொட்டி வளைவாகப் போட்டிருக்கிறார்கள். அதன் நுனியை ஒட்டித் தண்ணீருக்குள் ஒரு பழைய இரும்புக் கம்பம். கம்பெனி கட்டிங் வேஸ்ட்டிலிருந்து பல நிறத்துப் பனியன் துணியை நாடாவாகக் கிழித்து, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். அரை மீட்டருக்கு ஒரு நிறம். கீழே வெள்ளை, ஒன்றரைக்குப் பச்சை, இரண்டுக்கு மஞ்சள், ஆக உச்சியில் நாலு மீட்டருக்குச் சிவப்பு. நாடா கட்டுகிற அளவில் தப்பு வரக் கூடாது என்று ஒரு இஞ்ச் டேப்பும் சேர்த்து அனுப்பினாள்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடோணும்னு சொல்லுவாங்க. நீ கடலையே அளக்கப் பொறப்பட்டுட்டியே கண்ணு" என்றேன். அதற்குள் அவளை நான் நீ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

தினமும் ஆறு மணிக்கு, போட்டைத் தள்ளுவதற்கு முன்னால், அவர் அந்தக் கல் வளைவில் நின்று பத்து அலை பார்ப்பார். சில்லறை அலையை அவர் அலை என்றே சேர்ப்பதில்லை. நிமிர்ந்து வருகிற அலையாகப் பார்த்து, பள்ளம் எங்கே, முகடு எங்கே என்று துணி நிறத்தை வைத்து எண்ணிக்கொண்டு டீக்கடைக்கு வந்து போன் போடுவார். இவள் பூத்துக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாள். அதையெல்லாம் உள்ளேயே சராசரி போட்டு, வெளியே வரும்போது ஒரே ஒரு எண்ணோடு வருவாள். என் மேசைக்குப் பின்னால் நூல் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்கியது. அதில் அந்தத் தேதிக் கட்டத்தில் முந்தின நாள் கம்ப்யூட்டர் சொன்னதை நீல மையில் நான் எழுதியிருப்பேன். அதற்குக் கீழே கடல் சொன்னதைச் சிவப்பில் அவள் எழுதுவாள்.

இரண்டும் அரை மீட்டருக்குள் இருந்தால் ஒத்து வந்ததாகக் கணக்கு. "அரை வரைக்கும் டாலரன்ஸ் அக்கா" என்பாள். பனியனில் அரை இஞ்சு கூடக் குறைய விடுவார்கள். இவள் கடலுக்கு அரை மீட்டர் விட்டாள். பெரிய மனசுதான்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அது பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்கு போன் மணி அடிக்கவில்லை என்றால் எனக்குக் கை ஓடாது. நிட்டிங் மிஷின் பிட்டரான என் வீட்டுக்காரர், "புருசன் சாப்புட்டானான்னு கேக்கறதில்ல, அலை எத்தனைன்னு கேட்டுட்டு வர்றா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். கடலைக் கண்டு ஓடி வந்தவள், இன்றைக்குக் குமரியில் பச்சை வரைக்கும் ஏறியிருக்கிறது என்று டிக்கெட் போட வந்த ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாதம் முடிந்தது. நாலைந்து நாள் தவிர எல்லாம் அரைக்குள்தான். அவள் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக விரலால் தடவிப் பார்த்தாள். மறுநாள் ஒரு பொட்டலம் மிக்சர் வாங்கிக்கொண்டு வந்து, கடையில் இருந்த எல்லாருக்கும் கொடுத்தாள்.

புருஷனும் சொன்ன சொல் காத்தார். கம்ப்யூட்டர் இரண்டரை என்று போட்ட இரண்டு நாள் அவர் போகவில்லை. அந்த ராத்திரிகளில் நன்றாகத் தூங்கினேன் என்று அவள் வந்து சொன்னபோது எனக்கே வயிறு குளிர்ந்தது. அந்த ஆள் மேல் இருந்த எரிச்சலும் போய்விட்டது. சொன்ன சொல் காக்கிற ஆம்பளை எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இன்னொன்றும் சொன்னாள். "முன்னயெல்லாம் கடலைப் பாத்து மனசுக்குப் பிடிக்கலன்னா போவ மாட்டாவ அக்கா. இப்போ மிஷின் ஒண்ணரைன்னா யோசிக்காம தள்ளிருதாவ" என்று பெருமையாகத்தான் சொன்னாள். நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. அவள் கம்பெனியில் ஷிப்மெண்ட் அவசரம், ஓவர்டைமுக்கு நிறுத்திவிட்டார்கள். போன் வந்தால் நீங்களே கேட்டு எழுதி வையுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஆறு மணிக்கு நான் எடுத்தேன். முதல் தடவையாக அந்தக் குரலை நேராகக் கேட்டேன். மெதுவான குரல்.

"நல்லாருக்கியளா அக்கா? ஒங்களுக்கு எங்களால ரொம்பத் தொந்தரவு" என்றார்.

"தொந்தரவெல்லாம் இல்லீங்க தம்பி. சொல்லுங்க, எழுதிக்கறேன்."

பத்தையும் சொன்னார். நான் காலண்டர் ஓரத்தில் வரிசையாக எழுதினேன். ஒன்றரை, ஒன்று, ஒன்றரை என்று போய்க்கொண்டிருந்த இடத்தில் ஒரு இரண்டரை வந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு மூன்று வந்தது.

"மூணுங்களா?"

"ஆமாக்கா. ஒண்ணு அப்பிடி வந்திச்சி."

"அப்ப இன்னிக்குப் போறீங்களா?"

"மிஷின் ஒண்ணரைன்னுதான சொல்லியிருக்கு. போயிட்டு வாரேன்" என்று வைத்துவிட்டார். மறுநாள் காலையில் நல்லபடியாக வந்தும் சேர்ந்துவிட்டார்.

சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்கும் அவளுக்கு ஓவர்டைம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச் முடிந்து மகளோடு வந்தாள். அன்றைக்கு அவர்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள், பூசைக்குப் போகிற நாள். அதனால் அவள் முகத்தில் அன்று மட்டும் ஒரு நிம்மதி தெரியும். காலண்டர் ஓரத்தில் நான் எழுதியிருந்ததைப் பார்த்தாள்.

"மூணா? எங்கிட்ட மூணுன்னு ஒருநாளும் சொன்னதில்லயே" என்றாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து மூன்றை அடித்தாள், இரண்டரையையும் அடித்தாள். மிச்சம் எட்டை மனசுக்குள் கூட்டி வகுத்துக் கட்டத்தில் ஒன்றரை என்று எழுதினாள்.

"எதுக்கு அடிக்கற?"

"ரெண்டும் அவுட் பீஸ் அக்கா. எட்டு சரியா இருக்கு. அவுட்டை ஒதுக்கிரணும்லா?"

"தெனமும் இப்படித்தான் அடிப்பியா?"

"பின்ன? ஒண்ணு ரெண்டு தப்பி வரத்தான செய்யும். அத வச்சி லாட்டு மொத்தத்தையும் தப்புன்னு சொல்ல முடியுமா?"

அட கெரகமே. அவள் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. வருடக்கணக்கில் அவள் கை செய்து பழகிய வேலை அது. பத்து பீஸ் எடு, அள, அளவு தப்பியதை இடது பக்கம் தள்ளு, மிச்சத்தைப் பெட்டிக்கு அனுப்பு. பேசும்போதே அவள் இடது கை என் மேசையின் ஓரத்துக்கு எதையோ தள்ளுகிற மாதிரி தானாகப் போய் வந்தது.

"ஏங்கண்ணு, கம்பெனியில நீ ஒதுக்குன பீஸ் பெட்டிக்குள்ள போகாது. கடல்ல நீ ஒதுக்குன அலை எங்க போகும்?" என்று கேட்டேன்.

அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்கறது சோத்துக்குச் சரி. ஒரு பருக்கை வேகாம இருந்தா பல்லுல படும், துப்பிருவோம். ஒத்தை அலை பெருசா வந்தா?"

கோபத்தில்தான் ஆரம்பித்தேன். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே குரல் இறங்கிவிட்டது. அவள் காலண்டரைப் பார்த்தபடி நின்றாள். எத்தனை சாயங்காலம் எத்தனை பெரிய அலையைத் தள்ளிவிட்டிருக்கிறாள் என்று யோசித்திருப்பாள். அவள் மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இத்தனை நாளும் படத்தில் குமரி முனை வந்ததும் எண்ணைப் பார்த்துக்கொண்டு மூடிவிடுவோம். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ இருந்தது, அதைப் படித்ததில்லை. அன்றைக்கு டிக்ஷனரியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தேன். அவர்கள் போடுகிற உயரம் ஆகப் பெரிய அலையின் உயரமே இல்லை. வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அதன் சராசரியைப் போடுகிறார்கள். ஒற்றை அலை அதைப் போல் இரண்டு மடங்குகூட வரலாம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. ஒன்றரை என்றால் மூன்று வந்தாலும் வரும் என்று அது முதலிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

திங்கட்கிழமைக்கு அது இரண்டு என்று போட்டிருந்தது. அம்பெல்லாம் தெற்கே வெகு தூரத்திலிருந்து வந்தன.

அவள் பூத்துக்குள் போனாள். டீக்கடைக்காரர் எடுத்து, ஆள் இன்னும் பூசையில்தான் இருக்கிறார், வந்ததும் பேசச் சொல்கிறேன் என்றாராம். காத்திருந்தோம். மணி அடித்ததும் பாய்ந்து எடுத்தாள். அன்றைக்குக் கதவைச் சாத்தவில்லை. நானும் கூண்டுக்குள் நுழைந்து அவளோடு சேர்ந்து ரிசீவரில் காதை வைத்தேன்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். நீங்க சொல்லுததுல பெரிய அலையையெல்லாம் நான் ஒதுக்கிட்டே வந்திருக்கேன். மிஷினோட ஒத்து வந்ததெல்லாம் ஒதுக்குனதுக்குப் பொறவுதான்" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

"பெருசை நீ எப்பிடி ஒதுக்குவ? பெருசை நான் ஒனக்குச் சொன்னதே இல்லியே" என்றார்.

"என்ன சொல்லுதிய?"

"பத்து அலை பாக்கும்போ ஆகப் பெருசு ஒண்ணு வரும்லா, அத விட்டுட்டு வேற ஒண்ணச் சேத்துத்தான் ஒனக்குச் சொல்லுவேன். நீ அங்க ஒத்தையில கெடந்து ஒறங்காம இருப்பியேன்னு. அன்னைக்கு அந்த அக்காகிட்டதான் ஒள்ளதச் சொன்னேன்." பிறகு சன்னமாகச் சிரித்தார். "நான் பெருச விட்டேன். நீ மிச்சத்த விட்டிருக்க. நம்ம ரெண்டு பேரும் சேந்து கடலையே குளமாக்கிட்டோம்லா."

அவள் சிரிக்கவில்லை. அழுதாள். நானும் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்? அவள் தூங்க வேண்டும் என்று அவர் மறைத்திருக்கிறார். அவர் பிழைக்க வேண்டும் என்று ஓடி ஓடி அளந்தவள், தெரியாமலே மிச்சத்தையும் மறைத்திருக்கிறாள். இரண்டு பேரின் பிரியமும் சேர்ந்து அந்த மனுஷனைப் பெரிய அலை இல்லாத கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு எத்தன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"ரெண்டுன்னா போவலாம்னுதான நம்ம பேச்சு?"

"அந்தப் பேச்சே தப்பு. போவாதிய. இனி நீங்க பெருச மறைக்காமச் சொல்லணும். நானும் ஒண்ணையும் ஒதுக்க மாட்டேன்."

"சரி" என்றார்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு போடும்போது என் வீட்டுக்காரரிடம், "நீங்க எங்கிட்டச் சொல்லாம எதை எதை ஒதுக்கறீங்க?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மொதல்ல சோத்தைப் போடு" என்றார். அதிலேயே தெரிந்தது, ஏதோ இருக்கிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் போகவில்லை. அவருக்குப் பதில் வேறு ஒருவரை ஏற்றிக்கொண்டு அண்ணன் போனார். ஊரில் மற்ற போட்டெல்லாம் போனது. கடல் எழும்பவில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அத்தனை பேரும் நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள், வலை கொள்ளாத மீனோடு.

அன்று சாயங்காலம் அவள் முகம் தொங்கிப்போய் வந்தாள். அண்ணன் கேலி பண்ணுகிறாராம், பெண்டாட்டி பேச்சைக் கேட்டு ஒருத்தன் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தான் என்று. "இனிம கேக்க மாட்டாவ அக்கா. போனும் போட மாட்டாவ" என்றாள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். படத்தைத் திறந்தோம். கரண்ட் போகாமல் குமரி வரைக்கும் ஒரே மூச்சில் இறங்கியது. அன்றைக்கும், முந்தின நாள் நான் நீலத்தில் எழுதி வைத்த அதே இரண்டுதான்.

ஆறு மணி ஆனது. போன் அடிக்கவில்லை. ஆறே கால் ஆனது. அவள் பூத்தைப் பார்ப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக இருந்தாள். டிக்கெட் போட வந்த ஒருவரிடம் எந்த ஊருக்கு என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு மூன்றாவது தடவையும் கேட்டேன். ஆறரை தாண்டியது. போட்டைத் தள்ளியிருப்பார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்புறம்தான் மணி அடித்தது. அவள் எடுத்தாள். என்னைக் கை காட்டிக் கூப்பிட்டாள். காதை ஒட்டி வைத்தேன். அவர் குரலுக்குப் பின்னால் ஒரே இரைச்சல். ஆட்கள் கூப்பிடுகிற சத்தம், அதற்கும் பின்னால் இன்னொரு சத்தம்.

"மொதல்ல பெருசச் சொல்லுதேன்" என்றார். "சிவப்பு முங்கிட்டு."

அவள் கண்ணாடி வழியாகக் காலண்டரைப் பார்த்தாள்.

"பெருச மறைக்கப்பிடாதுன்னு நீ சொன்னியா, அதுக்குன்னே இன்னைக்கு ரொம்ப நேரம் கல்லுல நின்னு பாத்தேன். மொத பத்துல ஒண்ணுமில்ல. எப்பவும் போல பத்த எண்ணிட்டு வந்திருந்தா போட்டத் தள்ளியிருப்போம். பொறவுதான் ஒவ்வொண்ணா வர ஆரம்பிச்சிச்சி. காத்தே இல்ல. ஓடி வந்து அண்ணன மறிச்சேன், மத்தவியளையும் மறிச்சேன். ஒரு போட்டும் போவல. இப்போ தண்ணி ரோட்டுக்கு வந்திட்டு. எல்லாரும் சேந்து போட்ட மேல இழுத்துக்கிட்டிருக்கோம், அதான் லேட்டு. வைக்கட்டா?"

"சாப்பிட்டியளா?" என்றாள்.

"இனிமத்தான்."

வைத்துவிட்டார். கம்ப்யூட்டர் ஒரு நாள் முந்திவிட்டதா, கடல் ஒரு நாள் பிந்திவிட்டதா, எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஷிப்மெண்ட்டே சொன்ன தேதியில் போனதில்லை. கடலை எப்படிக் குறை சொல்வது?

அவள் பூத்தைவிட்டு வெளியே வந்து, காலண்டரில் என் நீல இரண்டுக்குக் கீழே சிவப்பில் நாலு என்று எழுதினாள். டாலரன்ஸுக்கு வெளியேதான். எதையும் அடிக்கவில்லை. அழுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவளானால் ஆறிப்போன டீயை எடுத்து நிதானமாகக் குடித்தாள். இத்தனை நாளில் அவள் காதில் விழுந்த ஆகப் பெரிய எண் அதுதான்.

"நாலுன்னு கேட்டும் உனக்குப் பயமா இல்லியா கண்ணு?" என்று கேட்டேன்.

"அதச் சொல்லுத ஆளு கரையில நிக்காவல்லா அக்கா" என்றாள்.